காட்டைப் பார்த்த கந்தோர்

தம்பி,

இது உனக்கு எழுதும் கடிதம்தான், ஆனால் உன் கைக்கு வருமுன் ஊரே வாசித்து முடித்திருக்கும். கோபிக்காதே. வன இலாகா அலுவலகமாக இருந்த நம் பழைய றேஞ்சர் கந்தோரைத் திருத்திக் கட்டிவிட்டார்கள். திறப்பு விழாவுக்கு ஒரு மலர் போடுகிறார்களாம். கந்தோரின் வரலாற்றை எழுதித் தரவேண்டும் என்று ஊர் வாசிகசாலையிலிருந்து ஒரு பெண்பிள்ளை வவுனியாவுக்கு என்னைத் தேடி வந்தாள். "அங்கை குடும்பமா இருந்த ஆக்களிலை இப்ப நீங்கள் ஒராள்தான் மிச்சம் ரீச்சர்" என்றாள். பானையின் அடியில் கிடக்கும் சோற்றைச் சொல்வது போலச் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வந்தது. சரி என்று எழுதத் தொடங்கினேன். "வன்னிப் பெருநிலப்பரப்பின் அடர்ந்த வனத்தினிடையே" என்று முதல் வரி. எனக்கே கொட்டாவி வந்தது. இத்தனை வருடம் பாலர் பாடசாலைப் பிள்ளைகளுக்குக் கதை சொன்னவள் நான். எதிரே ஒரு முகம் இல்லாமல் எனக்குக் கதை வராது. அதனால் உன் முகத்தை எதிரே வைத்துக்கொண்டேன்.

வைத்துக்கொண்டதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. பயிற்சி முடிந்து அந்தக் கந்தோருக்கே உன்னை றேஞ்சராகப் போட்டிருக்கிறார்கள் என்று போன கிழமை நுவரெலியாவிலிருந்து நீ போனில் சொன்னாய். நான் வாயைத் திறக்குமுன் மிச்சத்தையும் சொன்னாய். "நான் மாற்றம் கேக்கப்போறன் அம்மா. மன்னார்ப் பக்கம் எண்டாலும் பரவாயில்லை. நான் அங்கை போனால் நீங்களும் பின்னாலை வருவீங்கள். வந்து திரும்பவும் அந்த மரத்தடியிலை நிப்பீங்கள். அதை இன்னொருக்கா என்னாலை பாக்கேலாது." நான் பதில் சொல்லாமல், சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டுப் போனை வைத்தேன். பதில் இல்லாமல் இல்லை. போனில் சொல்லி முடிக்கிற பதில் இல்லை, அவ்வளவுதான். மாற்றம் கேட்கும் கடிதத்தை அனுப்புவதற்கு முன்னால் இதை ஆற அமர வாசி.

முதலில் அந்தப் பிள்ளை கேட்ட வரலாறு. வடக்கே ரயில் பாதை போட்ட காலத்தில் தண்டவாளத்துக்குக் கீழே அடுக்கும் சிலிப்பர் கட்டைகளுக்காக நம் காட்டில் மரம் தறித்தார்களாம். தறித்த மரத்தை எண்ணிக் குறிபோட ஒரு வெள்ளைக்காரனை அனுப்பினார்கள். அவனுக்குப் போட்ட கொட்டில்தான் பிறகு சுவர் வைத்து, ஓடு போட்டு, கந்தோர் ஆனது. கனகராயன்குளத்தில் பஸ்ஸால் இறங்கி உள்ளே வருகிறவர்களுக்கு அந்தக் கட்டடம் முதலில் சமைக்கும் குசினியையும் கிணற்றடியையும்தான் காட்டும். வாசல் மறுபக்கம், காட்டைப் பார்த்தபடி. விறாந்தையும் அந்தப் பக்கம், றேஞ்சரின் மேசையும் அந்தப் பக்கம். ஏன் அப்படிக் கட்டினார்கள் என்பதற்கு ஊரில் ஆளுக்கொரு கதை. யானை பார்க்கும் ஆசையில் கட்டினான் என்பார்கள். மேலதிகாரி றோட்டால் வரும்போது முன்வாசலால் காட்டுக்குள் நழுவுவதற்குக் கட்டினான் என்பார் உன் அப்பா. வெள்ளைக்காரன் போய் நம்மவர்கள் றேஞ்சரானார்கள். வரிசை வரிசையாகத் தேக்கு நாட்டினார்கள். முற்றத்தில் ஒரு ஜீப் நின்றது. பிறகு சண்டையால் பாதை மூடிய காலம் வந்தது. றேஞ்சர் ஒருநாள் கூட்டத்துக்கென்று போனார், திரும்பி வரவில்லை. ஜீப் போய் மோட்டார் சைக்கிள் வந்தது, மோட்டார் சைக்கிள் போய்ச் சைக்கிள் வந்தது. கடைசியில் வனக்காவலராக இருந்த உன் அப்பாவின் இரண்டு கால்கள்தான் இலாகாவின் வாகனம்.

நான் பளைக்காரி. தென்னைகளுக்கு மேலே அகலமான வானத்தைப் பார்த்து வளர்ந்தவள். கலியாணம் முடித்து அந்தக் கந்தோரின் பின் அறைக்கு வந்தபோது வானம் முற்றத்தளவுக்குச் சுருங்கிவிட்டது. முதல் மாதம் முழுதும் அழுதேன் என்பது உண்மை. பிறகு எப்போது அழுகை நின்றது என்று தெரியவில்லை. மார்கழியில் விடிந்த பிறகும் வெகுநேரம் மரங்கள் வராது. வெண்பனி விறாந்தைத் தூண்வரைக்கும் வந்து நிற்கும். அதற்குள்ளிருந்து மயில் ஒன்று கத்தும், இன்னொன்று எங்கேயோ பதில் சொல்லும், பிறகு மெல்ல மெல்ல ஒவ்வொரு மரமாக யாரோ கொண்டுவந்து வைப்பது போலக் காடு திரும்பி வரும். கதவுகள் முதிரைப் பலகை. மழை பெய்தால் அவை மணக்கும். அந்த மணத்தில் பகலில் படுத்தால் எழும்ப மனம் வராது. நீ அந்த விறாந்தையில்தான் தவழ்ந்தாய். பாலைப்பழக் காலத்தில் அப்பா தேக்கிலையில் பொதிந்து பழம் கொண்டுவருவார். அளவுக்கு மிஞ்சித் தின்றுவிட்டு, உதடு இரண்டும் பாலில் ஒட்டிப் பேச முடியாமல் என்னை முறைத்துக்கொண்டு நிற்பாய். உன் வாழ்க்கையில் நீ எனக்கு எதிர்ப்பேச்சுப் பேசாத நேரம் அது ஒன்றுதான்.

இப்போது அந்த மரத்துக்கு வருகிறேன். மலரை வாசிக்கிற வெளியூர்க்காரர்களுக்காகக் கொஞ்சம் விளக்கியே எழுதவேண்டும், நீ பொறுத்துக்கொள். கந்தோர் வாசலுக்கு எதிரே, காடு தொடங்குகிற இடத்தில், ஒரு வீரை மரம் நிற்கிறது. காட்டுக்குள் போகிறவர்கள் அதன் கிளை பிரிகிற கவரில் ஒரு பச்சைக் கொப்பை முறித்துத் தொங்கவிட்டு, ஐயனாரை நினைத்துக்கொண்டு உள்ளே போவார்கள். வன்னியில் பல இடங்களில் உள்ள வழக்கம்தான். எங்கள் ஊரில் அதற்கு ஒரு வாலும் உண்டு. திரும்பி வந்ததும் அவரவர் தொங்கவிட்ட கொப்பை அவரவரே எடுத்து எறிந்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போகவேண்டும். பொழுதுபடும்போது மரத்தில் ஒரு கொப்பு மிஞ்சி நின்றால் யாரோ இன்னும் உள்ளே நிற்கிறார்கள். அதை யார் கண்டாரோ அவர் தேடிப் போகவேண்டும். உறவா பகையா என்று பார்ப்பதில்லை. களவாக மரம் தறிக்கப் போகிறவர்கள்கூடக் கந்தோர் வாசலுக்கு எதிரேயே கொப்பு வைத்துவிட்டுத்தான் போவார்கள். "களவெடுக்கப் போறவன் சொல்லிப்போட்டுப் போறான் பார்" என்று உன் அப்பா சிரிப்பார். அவர்களைப் பிடித்தும் கொடுத்திருக்கிறார், வழி தவறியவர்களைத் தோளில் தூக்கியும் வந்திருக்கிறார். சில வேளை இரண்டும் ஒரே ஆளுக்கு.

அந்த நாள் உனக்கு நினைவிருக்கும், பத்து வயதுப் பிள்ளை நீ. மேற்கே ஷெல் விழுகிற சத்தம் நெருங்கிக்கொண்டிருந்தது. ஊர் உழவு மெஷினில் சாமான் ஏற்றிக்கொண்டிருந்தது. மரத்தில் மூன்று கொப்புகள் மிஞ்சி நின்றன. தேன் எடுக்கப் போன கணபதி அண்ணையும் அவருடைய இரண்டு மருமக்களும் முதல் நாள் பொழுதுபட்டும் வரவில்லை. விடிந்ததும் அப்பா சாரத்தை மடித்துக் கட்டினார். "ஊர் வெளிக்கிடுறது அவையளுக்குத் தெரியாது. கூட்டிக்கொண்டு வாறன். நீ தம்பியோடை சாமானைக் கட்டு" என்றார். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. சொன்னாலும் நின்றிருக்கமாட்டார், அந்தக் கொப்புகளைக் கண்டவர் அவர். தனக்கும் ஒரு கொப்பை முறித்து வைத்துவிட்டுப் போனார். கணபதி அண்ணையும் மருமக்களும் சத்தத்துக்குப் பயந்து வேறு வழியால் புளியங்குளப் பக்கம் வெளியேறிவிட்டார்கள் என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரியும். அப்பா வரவில்லை. மறுநாள் விடியக் கடைசி உழவு மெஷின் புறப்பட்டது. உன்னைத் தூக்கி ஏற்றிவிட்டு, நானும் ஏறி, திரும்பிப் பார்த்தேன். மரத்தில் அந்தக் கொப்பு அப்போதும் பச்சையாகவே நின்றது.

பிறகு ஓட்டம், முகாம், யார் யாருடைய வீடுகளோ. அதையெல்லாம் இந்த மலரில் எழுதப் போவதில்லை, ஊரில் எல்லோருக்கும் அவரவருடையது இருக்கிறது. மீளக் குடியேற விட்டபோது உன்னை வவுனியாவில் பாடசாலை விடுதியில் சேர்த்துவிட்டு நான் முதல் ஆட்களோடு போனேன். கந்தோருக்கு ஓடு இல்லை. முதிரைக் கதவுகள் இல்லை. றேஞ்சரின் மேசை இருந்த இடத்தில் ஒரு வேப்பங்கன்று என் உயரத்துக்கு நின்றது. வீரை மரம் மட்டும் நாங்கள் விட்டுப் போனபடியே இருந்தது. கிணற்றடியில் தறப்பாள் கூடாரம் கட்டிக்கொண்டு, மறுநாள் விடிய எழும்பி, ஒரு பச்சைக் கொப்பை முறித்து அந்தக் கவரில் வைத்தேன். வாடிப்போன கொப்பு என்றால் போனவர் போனவர்தான். பச்சைக் கொப்பு என்றால் இப்போதுதான் போயிருக்கிறார், இன்னும் பொழுது இருக்கிறது. ஒவ்வொரு நாள் காலையிலும் வாடினதை எடுத்துவிட்டுப் புதிதை வைத்தேன். அது யாருக்கென்று முதலில் வந்தவர்களுக்குத் தெரியும், பார்த்துவிட்டு விலகிப் போவார்கள். அந்தக் காலம் எவ்வளவு நீண்டது என்று என்னைக் கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. வெயிலும் மழையும் மாறி மாறி வந்தன, ஆனால் எனக்கு அது ஒரே ஒரு காலை. அவர் இப்போதுதான் புறப்பட்டுப் போகிறார், சாரத்தின் மடிப்பு இன்னும் இலைகளுக்குள் தெரிகிறது. ஒரு பாடசாலை விடுமுறைக்கு நீ வந்தாய். "நானும் ஒண்டு வைக்கட்டே அம்மா" என்று கேட்டாய். எட்டாமல் கால்விரலில் நின்று வைத்தாய். அடுத்த விடுமுறைக்கு வகுப்பு இருக்கிறது என்று சொல்லி வராமல் நின்றுவிட்டாய். அதற்கடுத்த விடுமுறைக்கும் வகுப்பு. நீ கண்டது இவ்வளவுதான். மிச்சம் உனக்குத் தெரியாது.

மிச்சம் இதுதான். முகாமிலிருந்து கணபதி அண்ணை குடும்பம் பிந்தித்தான் வந்தது. வந்த அன்று பொழுதுபடும் நேரம் நான் தறப்பாளுக்குள் சமைத்துக்கொண்டிருந்தேன். காட்டுக்குள்ளிருந்து கூப்பிடும் சத்தம் கேட்டது. வெளியே வந்தால் தகரம் தட்டும் சத்தமும் கேட்டது. கண்ணிவெடி என்று மண்டையோடு போட்ட சிவப்புப் பலகைகள் இன்னும் அகற்றப்படாத காலம் அது. இருட்டுகிற நேரம் கணபதி அண்ணையும் இரண்டு மருமக்களும் முள்ளுக் கிழித்த கால்களோடு வெளியே வந்தார்கள். "ஆர் தங்கச்சி உள்ளுக்கை நிக்கிறது? கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை போட்டுது" என்றார். "ஒருத்தரும் இல்லை அண்ணை. அது அவரின்ரை கொப்பு" என்றேன். அவர் கிணற்றில் தண்ணீர் அள்ளிக் கால்களில் ஊற்றிக்கொண்டு போய்விட்டார்.

மறுநாளும் நான் கொப்பு வைத்தேன். பிடிவாதம் இல்லை, விடிந்தால் என் கைக்கு வேறு வேலை தெரியவில்லை. பொழுதுபட அவர் மறுபடியும் வந்தார். மரத்தைப் பார்த்தார். சாரத்தை மடித்துக் கட்டினார். "நான் சொன்னனான் தானே அண்ணை, ஒருத்தரும் இல்லை எண்டு" என்றேன். "சொன்னனிதான். கொப்பு நிக்குதே. அவரும் எங்கடை கொப்பைக் கண்டிட்டுத்தானே வெளிக்கிட்டவர். நாங்கள் இதைக் கண்டும் காணாத மாதிரி வீட்டை போறதே?" என்று சொல்லிவிட்டு உள்ளே இறங்கினார். மருமக்கள் இருவரும் பின்னால் போனார்கள். அன்று திரும்பும்போது இளைய மருமகனுக்குக் கால் சுளுக்கி வீங்கியிருந்தது.

மூன்றாம் நாளும் வந்தார்கள், இளையவன் நொண்டிக்கொண்டு வந்தான். நான் மரத்துக்கு முன்னால் போய் நின்றேன். "போகாதேங்கோ. உங்களுக்கு ஏதும் நடந்தால் நான் ஆருக்குப் பதில் சொல்லுறது? உங்களுக்குக் கரைச்சல் எண்டால் நீங்களே அதை எடுத்து எறியுங்கோ" என்றேன். "அது ஏலாது. வைச்ச கைதான் எடுக்க வேணும்" என்றார். "அப்ப அவர் வந்தே எடுக்கப் போறார்?" என்று கத்தினேன் தம்பி. கத்திய பிறகுதான் நான் என்ன கேட்டேன் என்று எனக்கே கேட்டது. கணபதி அண்ணை என்னைவிடக் கொஞ்சம் மூத்த மனிதர், அவ்வளவுதான். ஞானம் பேசுகிற ஆள் இல்லை. குரலை உயர்த்தாமல், வழி கேட்டவருக்கு வழி சொல்வது போலச் சொன்னார்: "அவரின்ரை கொப்பு அப்பவே உக்கிப்போச்சு தங்கச்சி. இது உன்ரை கை முறிச்சது, உன்ரை கொப்பு. உள்ளுக்கை நிக்கிறது நீதான். நாங்கள் மூண்டு நாளாத் தேடுறது உன்னைத்தான்."

 காடு அசையாமல் நின்றது, பனிக்காலத்தில் நிற்குமே, அப்படி. பிறகு கையைத் தூக்கி அந்தக் கொப்பை எடுத்தேன். வேலை முடிந்து வந்தவர்கள் எறிவது போல எறிந்தேன். இளைய மருமகன், "அப்ப இண்டைக்குப் போகத் தேவையில்லையே மாமா?" என்று கேட்டான். அவனுக்கு அவன் கால்தான் கவலை. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த வாய் மூடுவதற்குள் அழுகை வந்தது. அவர் போன நாளிலிருந்து ஒருமுறைகூட நான் முழுதாக அழவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. அழுதால் பொழுதுபட்டுவிடும் என்று பயந்திருக்கிறேன். நான் அழுது முடியும்வரைக்கும் கணபதி அண்ணை காட்டுக்கு முதுகைக் காட்டியபடி, வேறெங்கோ பார்த்துக்கொண்டு நின்றார்.

அதற்கடுத்த மாதம்தான் நான் வவுனியாவுக்கு வந்தேன். அம்மா என் படிப்புக்காக அப்பாவை விட்டுவிட்டு வந்தா என்று நீ நினைத்தாய். அந்தப் பாரத்தைத் தூக்கிக்கொண்டுதான் இரவு பகலாகப் படித்தாய் என்பது எனக்குத் தெரியும். நானும் திருத்தவில்லை. பிள்ளைகள் கொஞ்சம் நன்றியோடு நடப்பது தாய்மாருக்குப் பிடிக்கும், அதற்கு என்ன செய்வது. இப்போது சொல்கிறேன்: உனக்காக நான் எதையும் விட்டு வரவில்லை. கொப்பை எடுத்தேன், வெளியே வந்தேன், வெளியே வந்தால் பிள்ளை இருக்கிற இடத்துக்குத்தானே போகவேண்டும். அப்பா வருவார் என்று நான் நினைக்கவில்லை. அவரை நினைத்து அழுவதில்லை என்று பொய் சொல்லமாட்டேன். அழுகிறேன், அடுப்படியில், பஸ்ஸில், சில வேளை பாலர் பாடசாலையில் பிள்ளைகள் பாடும்போது. ஆனால் மரத்தடியில் இல்லை.

ஆகவே என்னைச் சாட்டு வைத்து நீ மன்னாருக்குப் போகவேண்டாம். உனக்கே அந்தக் காடு பயம் என்றால் அதைச் சொல், அதற்கு நான் ஒன்றும் சொல்லமாட்டேன். ஆனால் நீ காட்டுக்குப் பயந்தவன் இல்லை. எத்தனையோ உத்தியோகம் இருக்க, தேடிப்போய் இதைப் படித்தாய். அப்பாவைத் தேடுவதற்காக அங்கே போகாதே. வேலைக்குப் போ. இரண்டு விஷயம் மட்டும் சொல்கிறேன், இலாகா உனக்கு இவற்றைப் படிப்பித்திருக்காது. எல்லைக் கல் நடப் போனால் முதலில் கிணறு இருக்கிறதா என்று பற்றைக்குள் பார். கிணறு இருந்தால் அது யாரோ குடியிருந்து ஓடிப்போன காணி, காடு மூடிவிட்டதால் மட்டும் காடாகிவிடாது. மற்றது, களவாக மரம் தறிக்கிறவனைப் பிடி, விடாதே. ஆனால் பொழுதுபட்டும் அவனுடைய கொப்பு மரத்தில் நின்றால், முதலில் அவனைத் தேடு, பிறகு பிடி. இன்னொன்று, புதுக் கந்தோருக்கு வாசலை றோட்டுப் பக்கம் வைத்திருக்கிறார்களாம். பெயர்ப்பலகை தெரியவேண்டுமாம். காட்டுப் பக்கம் ஒரு சின்னக் கதவுதானாம். வாசலை உன்னால் மாற்ற முடியாது. மேசையையாவது திருப்பிப் போடு.

நீ என்ன முடிவெடுத்தாலும் நான் போகிறேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஊரில் பாலர் பாடசாலை திறக்கிறார்கள், ரீச்சர் இல்லையாம், கேட்டார்கள், ஓம் என்றேன். திறப்பு விழாவுக்கு முதல் நாளே பஸ் ஏறுகிறேன். வேறொரு றேஞ்சர் வந்தால் அவனும் ஒரு தாய் பெற்ற பிள்ளைதான், அவனோடும் நல்லபடி நடந்துகொள்வேன். ஆனால் உள்ளதைச் சொன்னால், எனக்கு ஆசை உன்மேல்தான். மாலையில் அந்தச் சின்னக் கதவடியில் நான் நிற்பதைக் கண்டால் நீ பயப்படாதே, முகத்தைத் திருப்பாதே, விரைவாக வந்துவிடு. வராதவருக்காகக் காத்திருக்க எனக்கு நன்றாகத் தெரியும். வருகிறவனுக்காகக் காத்திருப்பது எப்படி இருக்கும் என்பதுதான் மறந்துபோய்விட்டது.

அம்மா